மாரடைப்பிலிருந்து மீண்டவர்: கொழுப்புக் குளிசையை நிறுத்தலாமா?

மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் உயிர் தப்பி வீடு திரும்பியவர்கள் இன்று எமது கிராமங்களில் பலர் உள்ளனர். வீடு திரும்பிய முதல் மாதம் குடும்பமே அவரைச் சுற்றி நிற்கிறது. குளிசை நேரத்திற்குக் கொடுக்கப்படுகிறது. நான்காம், ஐந்தாம் மாதமாகும்போது நெஞ்சு நோ இல்லை, நடமாட்டம் வந்துவிட்டது, விதைப்பும் தொடங்கிவிட்டது. “கொலஸ்ட்ரோல் இறங்கிவிட்டதாம், இனி ஏன் குளிசை?” என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. கிராமங்களுக்குச் செல்லும்போது நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கு எமது பதில் ஒன்றுதான்: இறங்கியது குளிசையால். குளிசையை நிறுத்தினால் கொலஸ்ட்ரோல் சில வாரங்களில் பழைய அளவுக்கே ஏறிவிடும்.

குழாய்க்குள் நடப்பது என்ன?

கொலஸ்ட்ரோல் என்பது ஒரு வகைக் கொழுப்பு. உடலுக்கு அது தேவை. அதில் பெரும் பங்கை எமது உடலே, குறிப்பாக ஈரல், உற்பத்தி செய்கிறது. உணவிலிருந்து வருவது குறைவே. இரத்தத்தில் ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்.டி.எல். கூடும்போது, இருதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களின் சுவருக்குள் அது படிகிறது.

வாய்க்கால் கட்டிய விவசாயிக்கு இதை விளக்குவது எளிது. வாய்க்காலின் கரைக்குள் சேறு ஊறி, மேலே மெல்லிய காய்ந்த மண் மட்டும் மூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்; எவருக்கும் சந்தேகம் வராது. ஒருநாள் அந்த மேல்மண் வெடித்துக் கரை சரிகிறது. வாய்க்கால் அடைபட்டு, கீழேயுள்ள வயல் வாடுகிறது. மாரடைப்பும் அப்படித்தான். கொழுப்புப் படிவின் மூடி கிழிந்து, அவ்விடத்தில் இரத்தம் கட்டியாகி வழியை அடைத்துவிடுகிறது.

ஆஸ்பத்திரியில் திறக்கப்பட்டது அந்த ஓர் அடைப்பு மாத்திரமே. மற்றக் கரைகளிலும் சேறு இருக்கலாம். ஸ்ரற்றின் வகைக் குளிசைகள் (அற்றோவஸ்ரற்றின், ரோசுவஸ்ரற்றின் போன்றவை) ஈரல் கொலஸ்ட்ரோல் செய்வதைக் குறைத்து, இரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பை அகற்ற உதவுகின்றன. நாளடைவில் படிவின் மூடியும் உறுதியாகிறது. கரை உறுதியாக இருக்க வேண்டுமானால் குளிசையும் தொடர வேண்டும்.

இதன் பலன் 1994ஆம் ஆண்டிலேயே தெளிவாகியது. ஸ்கண்டிநேவிய நாடுகளில் இருதய நோயுள்ள 4,444 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சிம்வஸ்ரற்றின் கொடுக்கப்பட்டது. மற்றப் பாதிக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிசை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தபோது வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 256 பேரும், மருந்து எடுத்தவர்களில் 182 பேரும் இறந்திருந்தனர். இந்த வித்தியாசம் 74 குடும்பங்களின் வித்தியாசம்.

எவ்வளவுக்கு இறங்க வேண்டும்?

மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல். ஒரு டெசிலீற்றரில் 70 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். 55க்குக் கீழே கொண்டுவருவது மேலும் நல்லது என்று சில வழிகாட்டல்கள் கூறுகின்றன. ஆய்வுகூடத் தாளில் ‘சாதாரணம்’ என்று அச்சிட்ட எல்லை மாரடைப்பு வராதவருக்கானது. அதைப் பார்த்து மருந்தை நிறுத்தக் கூடாது. குளிசை தொடங்கி ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் இரத்தம் சோதித்துப் பார்ப்பது வழக்கம். அளவு இறங்காவிட்டால் வைத்தியர் மருந்தைக் கூட்டுவார் அல்லது வேறொன்றைச் சேர்ப்பார்.

நாம் கேட்கும் சில கேள்விகள்

“குளிசை ஈரலைக் கெடுக்குமாமே?” கடும் ஈரல் பாதிப்பு மிக அரிது. வைத்தியர் வேண்டிய இடத்தில் இரத்தம் சோதித்துப் பார்ப்பார்.

“கைகால் உளைகிறதே?” சிலருக்குத் தசை நோவு வரலாம். தாமாக நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றலாம். நோவு கடுமையாகிச் சிறுநீர் கறுத்துப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

“ஒருநாள் மறந்துவிட்டால்?” மறுநாள் வழமைபோல ஒன்றை எடுங்கள். இரண்டாக எடுக்க வேண்டாம்.

“நாட்டு வைத்தியமும் செய்கிறோமே?” அதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். கிளினிக் குளிசைக்குப் பதிலாக அதை எடுக்க வேண்டாம். அஸ்பிரின் முதலிய ஏனைய இருதய மருந்துகளுக்கும் இது பொருந்தும்.

ஒரே அடுப்பு, ஒரே சட்டி

நோயாளிக்குத் தனிச் சமையல் நீடிக்காது. முழுக் குடும்பமும் ஒரே உணவை உண்பதே நல்லது. தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு வரை கெட்ட கொழுப்பை ஏற்றும் வகையே. தேங்காயை அடியோடு விடச் சொல்வது எமது சமையலுக்கு ஒத்துவராது. ஆனால் சொதிக்கும் கறிக்கும் முதற்பாலைத் தவிர்த்து இரண்டாம், மூன்றாம் பாலைப் பாவிக்கலாம். சம்பலைக் கறியோடு கறியாக அல்லாமல் தொட்டுக்கொள்ளும் அளவில் வைக்கலாம். தாளிக்க நல்லெண்ணெய் சிறிது போதும். பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் பாவிக்க வேண்டாம்.

தவிட்டரிசி, குரக்கன், பயறு, கௌபி, முருங்கை இலை, வல்லாரை ஆகியன கைக்கெட்டியவை. சூடை, சாளை போன்ற மலிவான மீன்கள் இருதயத்திற்கு நல்லவை. கருவாடானால் ஊறவைத்து உப்பைக் கழுவுங்கள். பீடி, சுருட்டு, சிகரட் அறவே வேண்டாம். நடையைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். மண்வெட்டி பிடிப்பதற்கும் மருந்துத் தாங்கி சுமப்பதற்கும் முன் வைத்தியரைக் கேளுங்கள்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஈரலே கொலஸ்ட்ரோலைச் செய்வதால் மாரடைப்பு வந்தவருக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது.

அந்தப் பையில் இன்னுமொன்று

1995இலும் 2009இலும் கையில் அகப்பட்டதோடு புறப்பட்ட எமது மக்களுக்கு ஒரு பையின் பெறுமதி தெரியும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் ஒரே பொலித்தீன் பையில் இருக்கும். நோயாளியுள்ள வீட்டில் அதே பையில் கிளினிக் கொப்பி, ஆஸ்பத்திரியில் தந்த நோய் விபர அட்டை, இரத்தப் பரிசோதனைத் தாள், ஒரு கிழமைக்குரிய குளிசை ஆகியனவும் இருக்கட்டும். வெள்ளத்திற்கு வெளியேறினாலும், சொந்தக் காணிக்குத் திரும்பினாலும், அந்தக் கொப்பியைக் காட்டி அருகிலுள்ள அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் பதியலாம்; மருந்து இலவசம். பையிலுள்ள குளிசையை மாதந்தோறும் எடுத்துப் பாவித்துப் புதியதை வையுங்கள்.

2022இல் நாட்டில் ஏற்பட்டது போன்ற தட்டுப்பாடு வந்தால், குளிசையைப் பாதியாக உடைத்து நாளைக் கடத்தாதீர்கள். வெளியே வாங்க மருந்துத் துண்டு எழுதித் தரும்படியோ, கிடைக்கும் வேறொரு ஸ்ரற்றினுக்கு மாற்றும்படியோ வைத்தியரைக் கேளுங்கள்.

குடும்பம் செய்யக்கூடியவை

1. குளிசை அட்டையைப் பார்த்து எண்ணும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்கட்டும்.

2. கிளினிக் நாளைக் கலண்டரில் குறியுங்கள். அன்று வயல் வேலை வைக்காதீர்கள். இயன்றால் ஒருவர் கூடச் செல்லுங்கள்.

3. ஆணுக்கு 55 வயதுக்கு முன், பெண்ணுக்கு 65 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால், சகோதரரும் பிள்ளைகளும் தங்கள் கொலஸ்ட்ரோலைச் சோதிக்க வேண்டும்.

4. நெஞ்சை இறுக்கும் நோ, கைக்கோ தாடைக்கோ பரவும் நோ, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் கண்டால் காத்திருக்காமல் 1990 இலவச அம்புலன்சை அழையுங்கள்.

5. ஏசிப் பயமுறுத்தாதீர்கள். மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு பலருக்கு வரும். சோர்ந்தவரே முதலில் மருந்தைக் கைவிடுகிறார்.

நல்ல சமாரியன் காயத்தைக் கட்டியதோடு போய்விடவில்லை. சத்திரத்தில் சேர்த்து, பிறகு வேண்டிய பராமரிப்புக்கும் ஒழுங்கு செய்துவிட்டே சென்றான். ஆஸ்பத்திரி காயத்தைக் கட்டிவிட்டது. அதற்குப் பின்னான பராமரிப்பு எமது வீடுகளில், ஒவ்வொரு நாளும் ஒரு குளிசையாக நடக்க வேண்டியது.