தேய்ந்த புஷ்ஷும் தளர்ந்த கியரும்

2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர் காரின் பழைய வகைகளில் கியர் லிவர் ஸ்டீயரிங் தண்டை ஒட்டியே இருந்ததால், ஓட்டுநரின் கையசைவு பல இணைப்புக் கம்பிகளைக் கடந்தே கியர்பெட்டியை எட்டும். கம்பிகள் கூடும் மூட்டுகளில் அவை ஒன்றோடொன்று நேரடியாக உரசாமல் காக்கும் சிறு வளையமான புஷ் தேய்ந்தால், மூட்டுக்கு மூட்டு சேரும் தளர்வு லிவரின் நுனியில் பெரும் ஆட்டமாகி, பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும் மலைச்சாலையில் கியர் அடிக்கடி மாற்ற வேண்டிய வேளையில் ஓட்டுநரைத் திணறடிக்கும். இதற்காகக் கியர்பெட்டியைப் பிரிப்பது பெரும்பாலும் வீண்செலவே. எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒருவர் லிவரை அசைக்க மற்றொருவர் மூட்டுகளைக் கவனித்தால், அசைவு வீணாகும் இடம் புலப்படும். முட்டை வடிவில் தேய்ந்த துளையை லேத் பட்டறையில் வட்டமாகப் பெருக்கி, அளவுக்கேற்ற பித்தளை புஷ் இறுக்கிக் கிரீஸ் இட்டபின், கம்பியின் நீளத்தை நியூட்ரல் நிலையில் சரிசெய்தல் வேண்டும்.