18 வயதுக்குப் பிறகு: நோர்வேயில் விசேட தேவையுடைய எங்கள் பிள்ளைகள்

"நாங்கள் கண்ணை மூடினாப் பிறகு இவனை ஆர் பார்ப்பினம்?"

ஓஸ்லோவில் தமிழ்க் குடும்பங்களோடு நெருங்கிப் பழகியவர்கள் இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் யாரும் இதைக் கேட்பதில்லை. விருந்து முடிந்து, சப்பாத்துப் போடும் நேரத்தில், கதவடியில் நின்று தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். ஓட்டிசம், டவுண் சின்ட்ரோம், அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு என்று வைத்தியரின் கடிதத்தில் பெயர் எதுவாகவும் இருக்கலாம். வீட்டுக்குள் அது "எங்கட தம்பி". தம்பிக்கு இப்போது இருபத்தெட்டு, முப்பது வயது. நாட்டார் உயர்பள்ளிகளுக்கு மாணவராகவும் பிறகு அகதியாகவும் இந்த நாட்டுக்கு வந்த முதல் தலைமுறை ஓய்வூதிய வயதைத் தொட்டுவிட்டது. குளிக்கவார்க்கும் தாய்க்கு முழங்கால் நோகிறது.

இந்தக் குடும்பங்களிற் பல இன்னும் எந்த விண்ணப்பமும் போடாமல் இருப்பதற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல, ஒரு பயமும்தான். "பிள்ளையைக் கோமில விடச் சொல்லுவினம்" என்ற பயம். கோம் என்றதும் கண்ணுக்கு முன் வருவது நீண்ட மண்டபம், வரிசையாகக் கட்டில்கள், பூட்டிய வாசல். அப்படி ஓர் இடம் நோர்வேயில் இருந்தது உண்மை. அதை நோர்வேயே மூடிவிட்டது என்பதும் உண்மை. அந்தக் கதையை எங்கள் பெற்றோர் தெரிந்திருப்பது நல்லது. ஏனென்றால் அதைத் தொடங்கிவைத்தவர்களும் பெற்றோர்தான்.

ஆர்னே ஸ்கோவன் ஒரு திரைப்பட இயக்குநர். 1957இல் அவர் எடுத்த 'நீ லிவ்' ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அவருடைய மகளுக்கு ஓட்டிசம். 1960களில் அவர் பத்திரிகைகளில் எழுதத் தொடங்கினார். இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவேண்டியது நீதி, தர்மம் அல்ல என்பதே அவருடைய வாதம். 1967இல் பெற்றோரும் உறவினரும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்று என்.எஃப்.உ என்று அழைக்கப்படும் வளர்ச்சிக் குறைபாடுடையோருக்கான நோர்வேச் சங்கம் அதுதான். 1985இல் அரசு நியமித்த குழு ஒன்று, பெரிய நிறுவனங்களில் இவர்கள் வாழும் நிலை மனித ரீதியாகவும் சமூக ரீதியாகவும் பண்பாட்டு ரீதியாகவும் ஏற்கமுடியாதது என்று எழுதியது. 1991 ஜனவரி 1ஆம் திகதி பொறுப்பு முழுவதும் கொம்யூன்களின் கைக்கு மாறியது. நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஓஸ்லோவுக்குப் பக்கத்தில், பேரும் கொம்யூனில் இருந்த எம்மா யோர்ட் இல்லம் நாட்டின் பெரிய நிறுவனங்களில் ஒன்று. இன்று அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பயந்துகொண்டிருக்கும் பெற்றோர் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நாங்கள் பயப்படும் கோம் அங்கே காட்சிப்பொருளாக இருக்கிறது.

அப்படியானால் இன்று என்ன இருக்கிறது? சட்டப்படி நிறையவே இருக்கிறது. ஆனால் எதுவும் தானாக வீடு தேடி வராது. பிள்ளைக்கு 18 வயதாகும் நாளில் சிறுவருக்கான கதவுகள் மூடுகின்றன, வளர்ந்தோருக்கான கதவை நாங்கள்தான் தட்டவேண்டும்.

மூடுவது எவை? பிள்ளைப்பணம் நின்றுவிடும். நாவ் தரும் பராமரிப்புக் கொடுப்பனவின் கூட்டிய விகிதங்கள் 18க்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மட்டுமே உரியவை. வைத்தியசாலையின் சிறுவர் மறுவாழ்வுப் பிரிவு கோப்பை மூடும். வளர்ந்தோர் பிரிவுக்குக் குடும்ப வைத்தியரின் புதிய பரிந்துரை தேவைப்படலாம். எல்லாவற்றிலும் பெற்றோர் அதிர்வது கையெழுத்து விடயத்தில்தான். 18 வயதான அன்று பிள்ளை சட்டத்தின் முன் முழு மனிதர். "நான் தாய்" என்று சொல்லி வங்கியிலோ நாவிலோ அவருக்காகக் கையெழுத்துப் போடமுடியாது.

அதற்காக உள்ளதுதான் வேர்கெமோல் என்னும் சட்டப் பாதுகாவலர் ஏற்பாடு. விண்ணப்பத்தை வைத்தியச் சான்றிதழோடு ஸ்தாத்ஸ்ஃபொர்வால்தரன் அலுவலகத்துக்கு, 18 வயதுக்கு முன்னரே அனுப்பலாம். தாயோ தகப்பனோ பாதுகாவலராகலாம். பலர் தவறாக விளங்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 2013 யூலையில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி பாதுகாவலர் எசமான் அல்லர். தன் விருப்பத்தைச் சொல்லக்கூடிய ஒருவருடைய விருப்பத்துக்கு மாறாக அவர் எதையும் செய்யமுடியாது. எங்கள் வீடுகளில் முப்பது வயது மகனுடைய உடுப்பின் நிறத்தைக்கூட அம்மாதான் தெரிவு செய்வார். அந்தப் பழக்கத்துக்கு இது கொஞ்சம் இடிக்கத்தான் செய்யும். இடிக்கட்டும்.

வருமானத்துக்கு, வேலை செய்யமுடியாதோருக்கான நிரந்தரக் கொடுப்பனவை 18 வயதிலிருந்து நாவில் கேட்கலாம். 26 வயதுக்கு முன்பே கடுமையான நோயோ குறைபாடோ தெளிவாக ஆவணப்படுத்தப்பட்டிருந்தால் 'இளவயது' விதியின் கீழ்க் கூடிய தொகை கிடைக்கும். ஆவணப்படுத்தப்பட்டிருந்தால் என்ற சொல்லைக் கவனியுங்கள். "ஊர்ச் சனத்துக்குத் தெரியவேண்டாம்" என்று பரிசோதனைக்கே கொண்டுபோகாத வீடுகள் இருக்கின்றன. தங்கச்சியின் சம்பந்தம் குழம்பிவிடும் என்று மறைத்தவர்களும் இருக்கிறார்கள். அந்த மறைப்பின் விலையை அந்தப் பிள்ளைதான் மாதாமாதம் கட்டுகிறது.

பராமரிப்புச் சேவைகள் ஓஸ்லோவில் நகரசபையின் 15 பிதேல்கள் ஊடாக வருகின்றன. பெற்றோர் இளைப்பாறச் சில நாட்கள் பிள்ளையை வேறிடத்தில் பார்க்கும் ஆவ்லாஸ்த்னிங், வீட்டில் பராமரிக்கும் உறவினருக்கான கொடுப்பனவு, வெளியே கூட்டிக்கொண்டு போகும் துணையாளர், பகல்நேர நிலையம் என்று பல வகை. பகல்நேர நிலையத்துக்கு ஓர் உதாரணம் ராக்னா ரிங்டால் நிலையம். வேலை செய்ய விரும்புவோருக்கு ஆளுக்கேற்ப அமைத்த நிரந்தர வேலை, நாவ் மூலம். கொடுப்பனவு அப்படியே இருக்க, மேலே ஒரு சிறு ஊக்கத்தொகை வரும். தொகை சிறிதுதான். ஆனால் காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளிக்கிட்டு "வேலைக்குப் போறன்" என்று சொல்லும் ஒருவரைப் பார்த்தவர்கள் அதைச் சின்ன விடயம் என்று சொல்லமாட்டார்கள்.

எங்களவர் மிகக் குறைவாகக் கேட்டு வாங்குவது பே.பே.ஆ என்ற தனிப்பட்ட உதவியாளர் திட்டம் என்று நினைக்கிறேன். 2015இலிருந்து இது ஓர் உரிமை. 67 வயதுக்கு உட்பட்ட, நீண்டகாலத்துக்கு வாரம் 32 மணித்தியாலமாவது உதவி தேவைப்படுபவர் இதைக் கோரலாம். உதவியாளர் யார், எப்போது வருவார் என்பதைக் குடும்பமே நெறிப்படுத்தலாம். பிள்ளையால் முடியாதபோது தாயோ சகோதரரோ அவருக்காக வேலைத் தலைவராக இருக்கலாம். தமிழ் பேசும் ஒருவரை வேலைக்கு எடுக்கலாம் என்பதுதான் இதில் எங்களுக்குப் பெரிய விடயம். துணையாளருக்கும் அப்படியே. தெரிந்த தமிழ் இளைஞர் ஒருவரை நீங்களே முன்மொழியலாம்.

இனி வீடு. பெற்றோரின் கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. இன்று கிடைப்பது பெரும்பாலும் ஒரே கட்டடத்தில் அல்லது அருகருகே உள்ள சில சிறு அடுக்குமாடி வீடுகள். ஒவ்வொருவருக்கும் சொந்தக் கதவு, சொந்தச் சமையலறை, தன் பெயரில் வாடகை ஒப்பந்தம். பணியாளர் பக்கத்தில் இருப்பார்கள். காத்திருப்பு நீளம் என்பதால், தேவை வந்தபிறகு விண்ணப்பிப்பது பிந்திய விண்ணப்பம். சில நோர்வேப் பெற்றோர் காத்திருக்காமல் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து, ஹூஸ்பாங்கன் உதவியோடும் கொம்யூன் தரும் ஆரம்பக் கடனோடும் தங்கள் பிள்ளைகளுக்கென்றே வீடு கட்டியிருக்கிறார்கள். சீட்டுப் பிடித்தும் கோயில் கட்டியும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் நடத்தியும் பழகிய எங்களுக்கு இது கைவராத வேலையா?

பிள்ளை தாய் உயிரோடு இருக்கும்போதே போய்ப் பழகவேண்டும். தாயின் செத்தவீட்டுக்கு அடுத்த கிழமை அறியாத வீட்டுக்குள் அறியாத மொழிக்குள் தள்ளப்படுவதைவிட, ஐந்து வருடம் முன்னால் சனி ஞாயிறு அம்மா புட்டோடு வந்துபோகும் வீடாக அது தொடங்குவது எவ்வளவோ மேல்.

மொழி பற்றி ஒரு சொல். பேச்சு அதிகம் வராத பிள்ளையிடம் இருக்கும் இருபது முப்பது சொல்லும் தமிழாகத்தான் இருக்கும். "நோகுது", "தண்ணி", "வேண்டாம்". பணியாளருக்கு அது வெறும் சத்தம். "நோகுது" என்று நாள்முழுக்கச் சொல்லும் ஒருவரை, கத்துகிறார், அடம்பிடிக்கிறார் என்று அறிக்கையில் எழுதிவிடலாம். பல்வலி அப்படியே கிடக்கும். ஆகவே ஒரு கொப்பி எடுத்து எழுதி வையுங்கள். பிள்ளை சொல்லும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும், அதன் அர்த்தம் நோர்வேஜிய மொழியில். கையால்தான் சாப்பிடுவார், அது பழக்கக்கேடு அல்ல. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய். வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. விளக்குக் கொளுத்தினால் அமைதியாவார். காது பொத்தினால் பசி, கை கடித்தால் பயம். இதெல்லாம் தாயின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. தாயோடு போய்விடக்கூடாது.

இனிப்பாக மட்டும் எழுதிப் பலனில்லை. 2016இல் நாடு முழுவதும் 57 கொம்யூன்களில் இவர்களுக்கான சேவைகளைக் கண்காணிப்பு அதிகாரிகள் சோதித்தபோது 45இல் சட்டமீறல் கண்டார்கள். பணியாளர் மாறிக்கொண்டே இருப்பார்கள், மணித்தியாலம் குறைக்கப்படும், விண்ணப்பம் நிராகரிக்கப்படும். எந்த முடிவும் எழுத்தில் தரப்படவேண்டும். அந்தக் கடிதத்தின் பெயர் வேட்தாக். பராமரிப்புச் சேவை பற்றிய முடிவுக்கு எதிராக 4 கிழமைக்குள் பிதேலுக்கு முறையிடலாம். அவர்கள் மாற்றாவிட்டால் அது ஸ்தாத்ஸ்ஃபொர்வால்தரனுக்குப் போகும். காசு கட்டத் தேவையில்லை. "வாய்மொழியாச் சொன்னவை, இல்லையாம்" என்று திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். வாய்மொழி முடிவு என்று ஒன்று இல்லை, எழுதித் தரச் சொல்லுங்கள்.

கூட்டங்களுக்கு மூத்த மகளை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போவதையும் நிறுத்தலாம். 2022இல் வந்த சட்டப்படி, உரிமைக்கும் சரியான உதவிக்கும் தேவையான இடங்களில் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்வது அலுவலகத்தின் கடமை. 18 வயதுக்கு உட்பட்டவரை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவது, சில விதிவிலக்குகள் தவிர, தடை. பன்னிரண்டு வயதிலிருந்து தம்பியின் நோய்க்கடிதங்களை வாசித்து வளர்ந்த அக்காமார் எங்கள் சமூகத்தில் எத்தனை பேர்! அவர்களும் அன்றைக்குப் பிள்ளைகள்தான்.

பேர்கனில் வளர்ச்சிக் குறைபாடுடையோர் தாங்களே செய்தியாளராக இருந்து நடத்தும் 'டீவி ப்ரா' இருக்கிறது. இசைக்கு 1981இல் கை சால் தொடங்கிய 'டிஸ்ஸிமிலிஸ்'. குடிபெயர்ந்த குடும்பங்களுக்கென்று ஓஸ்லோவில் 'அப்லூம்'. ஊரிலேயே கோண்டாவிலில் 'சிவபூமி' பாடசாலை. எங்கள் விழா மண்டபங்களில்தான் இந்தப் பிள்ளைகளைக் காண்பது அரிது. ஒரு மூலையில் சத்தம் குறைந்த அறை, சத்தம் போட்டால் திரும்பிப் பார்க்காத சனம், இவ்வளவும் இருந்தால் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து வருவார்கள். இப்போது ஒருவர் வர, மற்றவர் வீட்டில் நிற்கிறார்.

பிள்ளைக்கு 16 என்றால் இந்த வருடமே பள்ளிக்கூடத்தில் கேளுங்கள். விசேட கல்வி தேவைப்படுவோர் மூன்று வருட உயர்தரப் படிப்பை மேலும் இரண்டு வருடம்வரை நீடிக்கலாம். பல சேவைகள் நீண்டகாலம் தேவைப்படுபவருக்குத் தனிநபர் திட்டமும் ஒருங்கிணைப்பாளரும் உரிமை. பிள்ளைக்கு 34 ஆகி, இதுவரை எதுவும் கேட்கவில்லை என்றாலும் பராமரிப்புச் சேவைக்கும் வீட்டுக்கும் வயது பிந்திவிடவில்லை. குடும்ப வைத்தியரிடம் ஒரு நேரம் எடுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்போதே சொல்லுங்கள். கொப்பியையும் கொண்டுபோங்கள்.