கோடை தாண்டும் தூண்டில் மீன்

தூண்டில் முள்ளில் உயிரோடு கோக்கப்பட்டு, பெரிய மீனைக் கவர்வதற்காக நீரில் விடப்படும் சிறுமீன் உயிர் இரை எனப்படும். விரால் போன்ற ஊனுண்ணி மீன்கள் இரையின் அசைவைக் கண்ணாலும், நீரில் எழும் அதிர்வை உடலின் இரு பக்கங்களிலும் ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பாலும் அறிந்து பாய்பவை. அதனால் செத்த மீனைவிடத் துடிக்கும் மீனே அவற்றை எளிதில் இழுக்கிறது. வட அமெரிக்கா போன்ற குளிர்நாட்டுப் பகுதிகளில், ஏரிகள் உறைவதற்கு முன்னரே சிறுமீன்களைப் பிடித்து, வீட்டின் நிலவறைத் தொட்டியில் பனிக்காலம் முழுவதும் பேணுவோர் உண்டு. சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில் பருவம் தலைகீழாகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகும் கண்மாய்கள் பங்குனி, சித்திரையில் சேறாகிவிடுகின்றன. எஞ்சிய மடுக்களிலும் பாசனக் கிணறுகளிலும் விரால் கிடக்கும்போதே அதற்கு இரையாக வேண்டிய கெண்டைப் பொடி அருகிவிடுவதால், இங்கே மீனைக் காக்க வேண்டியது குளிரிலிருந்து அன்று, வெயிலிலிருந்து.

இரண்டில் எது கடினம் என்றால், ஐயமின்றி வெயில்தான். நீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு மிகுதியாக அதில் ஆக்சிஜன் கரையும்: 5 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 12.8 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 25 பாகையில் அது 8.3 ஆகவும், 35 பாகையில் சுமார் 7 ஆகவும் குறைகிறது. மீனோ தன் உடலின் வெப்பத்தைத் தானே நிலைநிறுத்த இயலாத உயிர் என்பதால், நீரின் வெப்பம் 10 பாகை ஏறும்போது அதன் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய இரு மடங்காகிறது. வரவு குறையும் வேளையில் செலவு பெருகும் இந்த நிலையே கோடைத் தொட்டியின் அடிப்படைச் சிக்கல். குளிர்நாட்டு மீன் பனிக்காலத்தில் பசியும் மூச்சும் ஒருசேரக் குறைந்து கிடப்பதால், அதை வளர்ப்பவருக்குப் பாதி வேலையைக் குளிரே செய்துவிடுகிறது.

வறண்ட காற்றை நம்பித்தான் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத்தொழிலும் சிவகாசி வட்டாரத்தில் வேரூன்றின. கண்மாயை வற்றச் செய்யும் அந்த வறட்சியே மீன் வளர்ப்பவருக்கு ஒரு வகையில் துணையும் ஆகிறது. சுட்ட மண் கலத்தின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைக் கலத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு விரைவாக இது நிகழ்வதால், நிழலில் ஈரச் சாக்குச் சுற்றி வைத்த மண்தொட்டியின் நீர் சுற்றுக்காற்றைவிடக் குளிர்ந்தே இருக்கும். ஆனால் குடிநீர்ப் பானையின் குறுகிய வாய் இதற்கு உதவாது. நீருக்குள் ஆக்சிஜன் பெரும்பாலும் மேற்பரப்பின் வழியாகவே நுழைகிறது என்பதால், ஆழம் குறைந்து வாய் அகன்ற தொட்டியே வேண்டும். மேலும், ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடுகிறது. குறைந்த அளவை நிரப்பிக்கொண்டே போனால் தொட்டி மெல்ல உவர்ப்பேறும் என்பதால், நாள்தோறும் சிறிதளவு பழைய நீரை இறைத்துவிட்டுப் புதுநீர் ஊற்றுவதே முறை.

ஊற்றும் நீரிலும் கவனம் வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து அப்போதே ஏறிய நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கக்கூடும். அதை உயரத்திலிருந்து கொட்டி, ஆறவிட்டே பயன்படுத்த வேண்டும். குழாயில் வரும் குடிநீரிலுள்ள குளோரின் மீனின் செவுள்களை, அதாவது நீரிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் மென்மையான மூச்சுறுப்புகளை, அரித்துவிடும். வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரினில் பெரும்பகுதி வெளியேறிவிடும். மனிதருக்கு நல்லது என்று போற்றப்படும் செம்புப் பாத்திரம் மீனுக்கு நஞ்சு. பட்டாசு வட்டாரத்தில் இன்னொரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது: பேரியம் நைட்ரேட்டோ வேறு வேதிப்பொருளோ அடைத்துவந்த பீப்பாய், எத்தனை முறை கழுவப்பட்டதாயினும், மீன் தொட்டியாகத் தகுதி பெறாது.

காற்றில்லாமல் சாகும் மீனைவிடத் தன் கழிவாலேயே சாகும் மீன் அதிகம் என்று கருத இடமுண்டு. மீன் தன் கழிவு நைட்ரஜனின் பெரும்பகுதியைச் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. நீரில் இது இரு வடிவங்களில் இருக்கும்: மின்னூட்டம் பெற்ற அம்மோனியம் பெரிதும் தீங்கற்றது, மின்னூட்டமற்ற அம்மோனியா கொடிய நஞ்சு. 30 பாகை வெப்பத்தில், அமிலமும் காரமும் சமநிலையில் உள்ள, அதாவது காரகாடித்தன்மை எண் 7 ஆக உள்ள நீரில் நஞ்சு வடிவின் பங்கு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. எண் 8 ஆனால் அது 7 விழுக்காட்டைத் தாண்டுகிறது, 9 ஆனால் பாதியை நெருங்குகிறது. பச்சையாகப் பாசி படர்ந்த தொட்டியை வளமானதென்று எண்ணுவோர் ஏமாறுவது இங்கேதான். பகலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் நீரின் காரத்தன்மை பிற்பகலில் ஏறி அம்மோனியாவைக் கொடியதாக்குகிறது. இரவிலோ அதே பாசியும் மீனோடு சேர்ந்து மூச்சுவிடுவதால், விடியும் முன் ஆக்சிஜன் அடிமட்டத்தைத் தொடுகிறது. காலையில் மீன்கள் நீர்ப்பரப்பில் வாய் பிளந்து நிற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். கூழாங்கல்லிலும் பஞ்சு வடிகட்டியிலும் குடியேறும் நைட்ரஜனேற்ற நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருகச் சில வாரங்கள் ஆகும் என்பதால், அதுவரை தீனியைக் குறைப்பதே சிறந்த மருந்து. பட்டினியால் சாகும் இரைமீன் அரிது.

காற்றேற்றும் சிறு மோட்டார் இவ்வனைத்தையும் எளிதாக்கும், மின்சாரம் இருக்கும்வரை. அது நின்றால் கெண்டைப் பொடி சில மணி நேரத்தில் மிதந்துவிடக்கூடும் என்பதால், தாமே காற்றைச் சுவாசிக்கும் மீன்களைத் தேர்வது அறிவுடைமை. பனையேறிக் கெண்டைக்குச் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு உண்டு. நீர்ப்பரப்புக்கு வந்து விழுங்கும் காற்றிலிருந்து அது ஆக்சிஜனை எடுக்கிறது. தரங்கம்பாடியில் டேனிய நிறுவனத்தில் பணிபுரிந்த டால்டார்ஃப் என்னும் படையதிகாரி, இம்மீன் பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதிய குறிப்பு 1797இல் லண்டனில் அச்சேறியது. மரமேறும் செய்தி இன்றும் ஐயத்துக்குரியதே. தொட்டியை விட்டு ஏறிப்போகும் என்பதில் ஐயமில்லை. ஆகவே தொட்டியை வலையால் மூட வேண்டும், ஆனால் விளிம்புவரை நிரப்பிப் பலகையால் அடைக்கலாகாது. காற்றைத் தொட வழியில்லையேல் நீருக்குள்ளேயே அது மூச்சடைத்து இறக்கும். அயிரையின் குடும்பமாகிய கோபிடிடேயைச் சேர்ந்த மீன்கள் பலவும் காற்றை விழுங்கிக் குடலால் சுவாசிக்க வல்லவை. அடியில் மணல் பரப்பினால் அயிரை அதில் புதைந்து அமைதியாகக் கிடக்கும். எனினும், குழம்புக்கென்றே உயிரோடு விற்கப்படும் அயிரையைத் தூண்டிலில் கோப்பது மதுரைப் பக்கத்தவருக்கு ஊதாரித்தனமாகவே படும்.

1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சிலேபி மீன் காற்றைச் சுவாசிப்பதில்லை. ஆயினும் வெப்பத்தையும் உவர்ப்பையும் தாங்கும், பெண்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காப்பதால் தொட்டியிலேயே பெருகும். உள்ளூர்க் கெண்டைகளின் இடத்தை அது பல நீர்நிலைகளில் பிடித்துக்கொண்டதும் இதே திறன்களால்தான். எனவே, மழை வந்து கண்மாய் நிரம்பியபின் எஞ்சும் சிலேபிகளைக் கண்மாயில் விடாமல், கறிக்கோ கோழித் தீனிக்கோ பயன்படுத்திவிடுவதே வழி.