பாட்டுப் பெட்டியின் பொத்தான்களை யார் வைப்பது?

தொண்ணூறுகளில் பற்றரிகளுக்குத் தடை இருந்தபோது வடபகுதியில் எம்மவர்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வந்த மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். கருவியை எமது நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டோம்; எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஆனால் அதே பெண்கள் கணனியின் முன் அமர்ந்ததும் "அது அப்படித்தான் இருக்கும், நாங்கள்தான் பழகவேண்டும்" என்று ஒதுங்கிவிடுகின்றனர். இது உண்மையல்ல என்பதைப் பாட்டுக் கேட்கும் மென்பொருள் ஒன்றை வைத்தே விளக்கலாம்.

பாட்டுத்தானே, இதில் என்ன இருக்கிறது என்று சில சகோதரிகள் நினைக்கக்கூடும். எமது பெண்கள் கணனியில் கேட்பது பாட்டு மட்டுமல்ல. காணாமல் போன மகன் சிறுவயதில் பேசிய பேச்சு, இறந்த கணவர் வெளிநாட்டில் இருந்து ஒலிநாடாவில் அனுப்பிய கடிதம் என்பவற்றை இறுவட்டுக்கு மாற்றி, பின்னர் கணனியில் சேமித்து வைத்திருப்பவர்கள் பலர். ஷெல் வீச்சில் வலது கையை இழந்த ஒரு அக்கா, மகனின் குரலில் வரும் ஒரு வரியைத் திரும்பக் கேட்பதற்காக, மௌஸை இடது கையால் நகர்த்தி, நகத்தளவுகூட இல்லாத பொத்தானைத் தேடுவார். விரல் நடுங்கும். பக்கத்துப் பொத்தானில் படும். ஒலி நின்றுவிடும். பிறகு அருகில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிடுவார். தன் மகனின் குரலைக் கேட்பதற்கு இன்னொருவரை எதிர்பார்த்து இருப்பது சிறிய விடயமல்ல.

இத்தகைய மென்பொருட்களில் தோற்றத்தை மாற்றும் பழக்கம் பழையது. 1997இல் வெளிவந்த வின்அம்ப் என்னும் மென்பொருளுக்கு ஆயிரக்கணக்கான "ஸ்கின்"கள், அதாவது மேற்தோல்கள், உலகெங்கும் இளைஞர்களால் வரையப்பட்டன. சிவப்பு, நீலம், மரப்பலகை, இரும்பு எனப் பலவகை. ஆனால் அந்தப் பழைய ஸ்கின்களில் படம் மாறியதே தவிரப் பொத்தானின் இடமும் அளவும் மாறவில்லை. வீட்டுக்கு வர்ணம் பூசலாம், கதவை மட்டும் நகர்த்தமுடியாது என்ற நிலைதான். 2002இல் வந்த வின்அம்ப் 3 கதவையும் நகர்த்த இடமளித்தது. ஆனால் அது கணனியை மிகவும் மந்தமாக்கியதால் பலர் பழைய பதிப்புக்கே திரும்பினர். இரண்டையும் சேர்த்து, 2உம் 3உம் 5 என்று கணக்குச் சொல்லி, 2003இல் வின்அம்ப் 5 வந்தது.

எமக்குத் தேவைப்படுவது வர்ணமல்ல, கதவு. அதனை எளிதாகத் தருவது வி.எல்.சி. பிரான்ஸ் நாட்டு மாணவர்கள் தொடங்கிய இம்மென்பொருள் முற்றிலும் இலவசம். விண்டோஸ் கணனியில் இதன் 3ஆம் பதிப்பு இருந்தால், மேலே "ரூல்ஸ்" என்ற பகுதியில் "கஸ்டமைஸ் இன்ரர்பேஸ்" என்பதைத் திறவுங்கள். ஒரு பக்கத்தில் எல்லாப் பொத்தான்களும் குவித்து வைக்கப்பட்டிருக்கும். வேண்டியதை இழுத்து வரிசையில் வைக்கலாம். வேண்டாததை வரிசையில் இருந்து வெளியே இழுத்து விட்டால் போய்விடும்.

அந்த அக்காவுக்கு உதவக்கூடியவை அங்கே நான்கு இருக்கின்றன. முதலாவது, "பிக் பட்டன்" என்ற கட்டத்தில் அடையாளமிட்டுவிட்டுப் பிறகு இழுத்தால் பொத்தான் பெரிதாக வரும். முதலில் இழுத்துவிட்டுப் பிறகு அடையாளமிட்டால் பயனில்லை, ஒழுங்கு முக்கியம். இரண்டாவது, "ஸ்பேசர்" என்னும் வெற்றிடம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு பொத்தான்களுக்கு நடுவே மூன்று நான்கு வெற்றிடங்களை வைத்தால், நடுங்கும் கை தவறினாலும் வெறும் இடத்திலேயே படும். இதை உருவாக்கியவர்கள் அழகுக்காக வைத்திருக்கலாம். எங்களுக்கு அது வேறொன்று. மூன்றாவது, ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடம் வரை திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் பொத்தான். தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை அழுத்தினால் அந்த ஒரு வரி மட்டும் ஒலித்துக்கொண்டே இருக்கும். நான்காவது, எதையும் வைக்காமல் விடுவது. படம்பிடிக்கும் பொத்தான், சமன்படுத்தும் பொத்தான் எல்லாம் எதற்கு? மூன்றே பொத்தான் போதுமென்றால் மூன்றே இருக்கட்டும்.

மௌஸே முடியாதென்றால் விசைப்பலகை இருக்கிறது. நீண்ட இடைவெளிக் கட்டையைத் தட்டினால் ஒலி நிற்கும், மீண்டும் தட்டினால் தொடரும். அதுவும் எட்டாத கை என்றால், "பிரிபரன்சஸ்" பகுதியில் உள்ள "ஹொட்கீஸ்" என்பதில் எந்த வேலைக்கு எந்த விசை என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். இடது கையால் இயக்குபவர் இடது பக்கத்து விசைகளையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் ஆழமாக மாற்ற விரும்புபவர்களுக்கு 2002இல் வெளிவந்த ஃபூபார்2000 உண்டு. அதில் திரையையே அறை அறையாகப் பிரித்து, பாடல் பட்டியல் எங்கே, படம் எங்கே என்று தீர்மானிக்கலாம். ஆனால் கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும். தொடங்குபவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

கூட்டாகப் பாவிக்கும் கணனியில் ஒரு சிக்கல் எழும். ஒருவர் தனக்கேற்ப மாற்றிவிட்டுப் போனால் அடுத்தவருக்குப் பொத்தானைக் காணோம். தையல் நிலையமொன்றில் இதனால் சண்டையே வந்தது. பயிற்றுநரோ, இனி எவரும் எதையும் மாற்றக்கூடாது என்று அறிவித்துவிட்டார். இது எமது நிறுவனங்களுக்கு மிகவும் பழகிப்போன தீர்வு: ஒருவரின் தேவை மற்றவருக்கு இடைஞ்சலானால், இருவரது தேவையையும் நிறுத்திவிடுவது. ஆனால் வி.எல்.சி.யில் அதே பக்கத்தின் மேலே "புரொபைல்" என்ற பட்டியல் உண்டு. கூட்டல் அடையாளத்தை அழுத்திப் புதிய பெயர் கொடுத்தால், ஒவ்வொருவரின் அடுக்கும் தனித்தனியே சேமிக்கப்படும். உட்காரும்போது தன் பெயரைத் தெரிவுசெய்தால் போதும்.

மாற்றினால் சேமித்து வைத்த குரல் அழிந்துவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. அழியாது. இங்கே மாறுவது பொத்தான்களின் இடம் மாத்திரமே. கணனியில் பட்டியலில் இருந்து ஒரு பாடலை நீக்கினாலும் கோப்பு அதன் இடத்திலேயே இருக்கும். கைத்தொலைபேசியில் உள்ள வி.எல்.சி. அப்படியல்ல; அங்கே "டிலீட்" கொடுத்தால் கோப்பே போய்விடும். ஆகவே விலைமதிப்பற்ற குரல்களைப் பென்டிரைவ் ஒன்றிலும் பிரதியெடுத்து வையுங்கள்.

மாற்றி முடிந்ததும் "குளோஸ்" அழுத்துங்கள். பிடிக்கவில்லை என்றால் "கான்சல்" அழுத்தினால் பழையபடி இருக்கும். முதல்நாள் இரண்டு மூன்று தடவை "கான்சல்" அழுத்தவேண்டி வரும், பரவாயில்லை.