காளை நம்மூர், கன்று யாருடையது?

வளவனூர் பக்கம் மாடு பிடிக்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது சுழி. அப்புறம் திமில், கொம்பு, வால். பொலிகாளை என்றால் அதன் தாய் வேளைக்கு எத்தனை லிட்டர் கறந்தது என்றும் விசாரிப்பார்கள். காளையின் லட்சணம் கன்றில் இறங்கும் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவு அலசலும். அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கும் ஒரு தொழில்நுட்பம் ஆய்வுக்கூடங்களில் முதிர்ந்துகொண்டிருக்கிறது. அதில் உடம்பு ஒரு காளையுடையதாக இருக்கும். வித்து இன்னொரு காளையுடையதாக இருக்கும்.

விரைக்குள் இருக்கும் நுண்குழல்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு, வாழ்நாள் முழுக்க விந்தணுக்களை உண்டாக்குபவை ஸ்டெம் செல்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் பிரின்ஸ்டர் 1994-ல் இவற்றை ஒரு எலியிலிருந்து எடுத்து இன்னொரு எலிக்கு மாற்றினார். பிறந்த குட்டிகளில் செல் கொடுத்த எலியின் மரபணு இருந்தது. 2003-ல் வெள்ளாட்டிலும் இது பலித்தது. 2020-ல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் ஓட்லி குழு அடுத்த படிக்குப் போனது. நானோஸ்2 என்ற ஒரே மரபணுவை கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் முடக்கினால், ஆணுக்கு விரை இருக்கும், சொந்த வித்து இருக்காது. அந்தக் காலி வீட்டில் வேறு ஆணின் செல்களைக் குடிவைத்தார்கள். பன்றியிலும் வெள்ளாட்டிலும் கொடையாளியின் விந்தணு உருவானது. மாட்டில் காலிக் காளை வரைக்கும் வந்தாயிற்று.

மரபணு மாற்றத்துக்கும் இதுவே சுருக்கு வழி. செல் ஆய்வகத் தட்டில் இருக்கும்போதே திருத்திவிட்டு விரையில் வைத்துவிட்டால், திருத்தம் விந்து வழியாகக் கன்றுகளுக்குப் போய்ச் சேரும். குட்டை முடியால் வெயிலைத் தாங்கும் மரபணுத் திருத்த மாடுகளுக்கு 2022-ல் அமெரிக்கா பச்சைக்கொடி காட்டியது. சித்திரை வெயிலில் நாக்கைத் தள்ளி மூச்சிரைக்கும் நம் ஜெர்சிக் கலப்பின மாடுகளைப் பார்க்கிறவருக்கு ஆசை வரத்தான் செய்யும். அழியும் நாட்டினங்களைக்கூட இப்படிக் காப்பாற்றலாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். இருக்கலாம்.

என் கவலை வேறு. அதன் பெயர் சீஃப். 1962-ல் பிறந்த அமெரிக்க ஹோல்ஸ்டீன் காளை அது. மகள்கள் மட்டும் 16,000. பேத்திகள் சுமார் 5 லட்சம். கொள்ளுப்பேத்திகள் 20 லட்சத்துக்கும் மேல். பால் பெருகியது உண்மை. ஆனால் அதன் உடலில் ஒரு மரபணுக் கோளாறு ஒளிந்திருந்தது. சுமக்கிற மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. தாய், தகப்பன் இருவழியிலும் வந்து சேர்ந்தால் கரு வயிற்றிலேயே கலைந்துவிடும். உலகெங்கும் 5 லட்சத்துக்கும் அதிகமான கருக்கள் இப்படிப் போயிருக்கும், நஷ்டம் சுமார் 42 கோடி டாலர் என்று 2016-ல் கணக்கிட்டார்கள். ஜெர்சியிலும் இதே மாதிரி ஒரு கோளாறு 2011-ல் கண்டுபிடிக்கப்பட்டது.

இத்தனைக்கும் அது உறைவிந்துக் குச்சி மட்டும் இருந்த காலம். குச்சி போக முடியாத கொட்டகைக்கும் ஒரே தகப்பனின் வித்தைக் கொண்டுபோகப்போவது, வேறு காளையின் வித்தைச் சுமக்கும் இந்த வாடகைக் காளை. கால் மில்லி குச்சிக்குத் திரவ நைட்ரஜன் வேண்டும், மைனஸ் 196 டிகிரி வேண்டும், ஊசி போட ஆள் வேண்டும். வாடகைக் காளைக்கு இவை எதுவும் வேண்டாம். ஊருக்கு ஒன்றை அவிழ்த்துவிட்டால் போதும். பார்வைக்கு அச்சு அசல் காங்கேயமாக, உம்பளச்சேரியாக நிற்கும். கன்று விழுந்த பிறகுதான் சங்கதி தெரியும். கருவில் கொல்லும் கோளாறு என்றால் அப்போதும் தெரியாது. "மாடு சினை நிக்கலை" என்று தவிட்டையும் தண்ணீரையும் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று இருந்துவிட முடியாது. ஹரியானாவின் கர்னாலில் 2009-லேயே எருமையைக் குளோனிங் செய்தார்கள். மரபணு திருத்திய நாட்டின் முதல் செம்மறியைக் காஷ்மீர் வேளாண் பல்கலைக்கழகம் 2025-ல் அறிவித்தது. பொலிகாளைகளை நெறிப்படுத்த 2019-ல் தமிழகச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் காதில் தொங்கும் மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண் சொல்வது காளையின் அடையாளத்தை. விரைக்குள் யார் குடியிருக்கிறார் என்பதை அல்ல. வித்துக் கொடுத்த காளை எது, அதில் செய்த திருத்தம் என்ன, ஒரே கொடையாளியின் வித்து எத்தனை ஊருக்குப் போகலாம் என்ற மூன்றையும் பதிவேட்டில் கட்டாயமாக்காமல் ஒரு வாடகைக் காளையைக்கூடத் தமிழ்நாட்டுக்குள் விடக்கூடாது.

அதுவரை மாடு வளர்ப்பவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சினை ஊசி போடும்போது குச்சியில் அச்சிட்டிருக்கும் காளை எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். அந்த மாடு ஈன்ற கிடேரி பருவத்துக்கு வரும்போது அதே எண், அதாவது அதன் தகப்பனின் குச்சியே வந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.