புற்றுநோயின் வேஷத்தைக் கலைக்கும் பழுப்பு நிறம்!

விராலிமலை என்றதும் மயில்கள் ஞாபகத்துக்கு வரும். அடுத்தபடி, முருகனுக்குப் படைக்கும் சுருட்டு! அது இந்த ஊரின் பழைய வழக்கம், பக்தர்கள் விஷயம். ஆனால் மனிதர்கள் ஊதித் தள்ளும் சுருட்டும் பீடியும் சிகரெட்டும் நுரையீரலைச் சும்மா விடுவதில்லை. நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகைதான்.

இங்கிருந்து சுமார் 30 கிலோ மீட்டர் போனால் திருச்சி. பெரிய ஆஸ்பத்திரிகள் அங்கே இருக்கின்றன. புற்றுநோய் என்று தெரிந்ததும் குடும்பத்தார் கேட்பார்கள்: "புதிதாக ஓர் ஊசி வந்திருக்கிறதாமே, போட்டால் பிழைப்பாரா?"

அந்த ஊசிக்கு லட்சக்கணக்கில் செலவாகும். காடு கழனியை விற்கவும் தயாராக இருப்பார்கள். விற்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு.

திருடன் காட்டும் சீட்டு

ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் நம் உடம்பின் காவல்காரர்கள். அவர்கள் சொந்த வீட்டையே நொறுக்கிவிடக் கூடாதல்லவா? அதற்காக உடம்பு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. சில அணுக்களின் மேல் 'பி.டி.எல்.1' என்ற புரதம் இருக்கும். இதை ஓர் அனுமதிச் சீட்டு எனலாம். அதைக் கண்டதும் காவல்காரன் கையை இறக்கிவிடுவான்.

புற்றுநோய் பொல்லாதது. அதே சீட்டைத் தானும் காட்டித் தப்பிவிடுகிறது!

காவல்காரன் பக்கத்தில் இந்தச் சீட்டைப் பார்க்கும் புரதத்தை ஜப்பான் விஞ்ஞானி தசுகு ஹோஞ்சோவின் குழு 1992-ல் கண்டுபிடித்தது. அமெரிக்காவின் ஜேம்ஸ் அல்லிசன் இதைப் போன்ற வேறொரு தடையை நீக்க வழி கண்டார். இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. சீட்டு காவல்காரன் கண்ணில் படாமல் தடுப்பதுதான் அந்த ஊசியின் வேலை.

சுண்டெலி செய்த உதவி

கட்டியில் சீட்டு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? மனிதனின் அந்தப் புரதத்தைச் சுண்டெலிக்கு ஏற்றுவார்கள். எலிக்கு அது அந்நியப் பொருள். அதைத் தேடிப் பிடிக்கும் 'எதிர்ப்பொருளை' எலியின் உடம்பு உண்டாக்கும். எலியின் மண்ணீரல் அணுவை, சாகாமல் பெருகும் புற்று அணு ஒன்றோடு இணைத்துவிட்டால், ஒரே வகை எதிர்ப்பொருள் வற்றாமல் சுரக்கும். 1975-ல் கோலர், மில்ஸ்டைன் என்ற இருவர் கேம்பிரிட்ஜில் கண்ட வழி இது. புற்று அணுவை வைத்தே புற்றுநோய்க்குத் துப்பு. வேடிக்கைதான்!

கட்டியிலிருந்து துளிச் சதை எடுத்து, மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாகச் சீவுகிறார்கள். அதன்மேல் எதிர்ப்பொருளை விட்டால் சீட்டு உள்ள இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சாயம் ஏற்றினால் அந்த இடம் பழுப்பாகத் தெரியும். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் குறைந்தது 100 புற்று அணுக்களையாவது பார்த்து, நிறம் ஏறியவை எத்தனை என்று கணக்கிடுவார்.

பாதியோ அதற்கு மேலோ இருந்தால் ஊசி பலன் தர வாய்ப்பு அதிகம். நிச்சயம் என்று சொல்ல முடியாது. சீட்டு நிறைய இருந்தும் மசியாத கட்டிகள் உண்டு. சீட்டே தெரியாமல் கரைந்த கட்டிகளும் உண்டு. தடை நீங்கிய காவல்காரர்கள் சில சமயம் நல்ல நுரையீரலையும் குடலையும் தாக்கிவிடுவார்கள். ஆகவே டாக்டர் மற்ற சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்வார்.

இந்தச் சோதனைக்காக நோயாளி சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. மெழுகில் பதித்த சதை எளிதில் கெடாது. திருச்சியில் எடுத்த துண்டு மட்டும் சென்னைக்குப் போகும். நோயாளி விராலிமலையில் வீட்டிலேயே இருக்கலாம்.