கட்டிக்குள்ளேயே உறையும் மருந்து

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போனால், ஏரியில் பிடித்த இறாலையும் நண்டையும் கரையில் விற்பதைப் பார்க்கலாம். சதைக்கு விலை உண்டு. உரித்த தோலையும் உடைத்த ஓட்டையும் யாரும் சீண்டுவதில்லை. அந்த ஓட்டை அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரைந்துவிடும். காரத்தில் போட்டால் புரதம் போய்விடும். மிஞ்சுவது கைட்டின். அதை அடர்ந்த காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான் கிடைக்கும். இறால் தோலிலிருந்து இதைத் தயாரிக்கும் முறையைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. புற்றுநோய்க் கட்டிக்குள் ஊசியால் செலுத்தும் ஜெல்லுக்கு ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ளும் மூலப்பொருள்களில் இதுவும் ஒன்று. (நண்டு ஓட்டைக் கஷாயம் வைத்துக் குடித்தால் புற்றுநோய் தீராது. இப்போதே சொல்லிவிடுவது நல்லது.)

வழக்கமான கீமோவில் மருந்து நரம்பு வழியாக ஏறி உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. கட்டிக்குப் போய்ச் சேருவது அதில் கொஞ்சம்தான். மிச்சம் முடி வேரையும் குடலையும் எலும்பு மஜ்ஜையையும் பதம் பார்க்கிறது. டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்து இதயத் தசையையும் கெடுக்கும். அதனால்தான் ஒருவருக்கு வாழ்நாளில் மொத்தம் இவ்வளவுக்கு மேல் தரக்கூடாது என்று டாக்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். கட்டி இருக்கும் இடத்திலேயே மருந்தை வைத்துவிட்டால் என்ன என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் இந்த ஜெல்.

ஊசியில் போகும்போது அது திரவமாக இருக்க வேண்டும், உள்ளே போனதும் உறைய வேண்டும். நாம் காய்ச்சும் கடல்பாசி ஆறினால் உறையும், இது நேர்மாறு. கைட்டோசான் கரைசலோடு கிளிசரோபாஸ்பேட் என்ற உப்பைக் குளிர்ந்த நிலையில் கலந்தால் நீர்போல ஓடும். உடம்புச் சூடான 37 டிகிரியில் கெட்டிப்படும். கனடா ஆய்வாளர்கள் 2000-இல் இதை விவரித்தார்கள். உறைந்த ஜெல்லில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதன் வலைப்பின்னலில் சிக்கிய மருந்து நாள்கணக்கில் கசிந்து வெளியேறும்.

ஒரே மருந்தென்றால் கட்டி பழகிக்கொள்ளும். அதனால் வெவ்வேறு வழியில் தாக்கும் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்க்கிறார்கள். சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. டாக்ஸோரூபிசின் உப்பு தண்ணீரில் கரையும்; பாக்ளிடாக்ஸல் கரையவே கரையாது. இரண்டையும் அப்படியே ஜெல்லில் போட்டால் முதலாவது அவசரமாக ஓடிவிடும், இரண்டாவது திரண்டு ஓரிடத்தில் தங்கிவிடும். கரையாததை நுண்துகள்களுக்குள் அடைத்து, பிறகு ஜெல்லில் கலப்பது ஒரு வழி. எது முன்னால் போக வேண்டும், எது பின்னால் என்பதையும் இப்படி ஓரளவு அமைக்கலாம். நரம்பில் ஏற்றும்போது ஒவ்வொரு மருந்தும் அதனதன் வேகத்தில் உடம்பை விட்டு வெளியேறும் என்பதால் இந்தப் பிடி கிடைப்பதில்லை.

பல மருந்துகளைச் சேர்த்த ஜெல்லுக்கு நம் நாட்டில் நல்ல உதாரணம் பரிதாபாத்தில் இருக்கிறது. அங்குள்ள உயிரித் தொழில்நுட்பத்துக்கான பிராந்திய மையத்தில் அவினாஷ் பஜாஜின் குழு 2019-இல் ‘டிரை-ஜெல்’ என்ற ஒன்றைப் பற்றி எழுதியது. இதற்கு நண்டு ஓடு தேவைப்படவில்லை. லித்தோகோலிக் அமிலம் என்ற பித்த அமிலத்திலிருந்து செய்தது. செல் பெருகுவதைத் தடுக்க டாக்ஸோரூபிசின், கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைக்காமலிருக்க காம்பிரடாஸ்டாடின், அழற்சியை அடக்க டெக்ஸாமெதசோன் என மூன்றும் ஒரே ஜெல்லில். கட்டி வளர்வது அடங்கியது, ஆயுள் கூடியது. ஆனால் எலிகளுக்கு. செய்தித் தலைப்புகள் வழக்கமாக விழுங்கிவிடும் சொல் இது.

மனிதர்களுக்கு வந்த ஜெல்லும் உண்டு. சிறுநீரகத்தின் உள்ளறையிலும் சிறுநீர்க்குழாயிலும் வரும், தீவிரம் குறைந்த ஒருவகைப் புற்றுக்கு மைட்டோமைசின் ஜெல்லை அமெரிக்கா 2020-இல் அனுமதித்தது. குளிர்ந்த திரவமாகக் குழாய் வழியே செலுத்தினால் உள்ளே கெட்டிப்படும். அதில் ஒரே மருந்துதான். ஆய்வில் 71 பேரில் 42 பேருக்குக் கட்டி முற்றாக மறைந்தது. 31 பேருக்குச் சிறுநீர்க்குழாய் சுருங்கியது. மருந்து ஓரிடத்திலேயே தங்குகிறது என்றால் அதன் காரமும் அங்கேயே தங்கும்.

ரத்தப் புற்றுக்கு இந்த ஜெல் முறை உதவாது. ஊசி போட அங்கே கட்டியே இல்லை. பல உறுப்புகளுக்குப் பரவிவிட்டால் ஒவ்வோர் இடத்திலும் குத்த முடியாது. கைட்டோசானுக்கு இன்னொரு தலைவலி. எந்த இனத்து ஓடு, காரத்தில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதைப் பொறுத்து சரக்குக்குச் சரக்கு குணம் மாறும். உறையும் வேகமும் மருந்து கசியும் வேகமும் அதோடு சேர்ந்து மாறும். ஒவ்வொரு ஊசியும் ஒன்றுபோல இருக்க வேண்டிய தொழிலில் இது சின்ன விஷயமல்ல.

‘ஜெல் ஊசி போட்டால் கீமோ வேண்டாம்’ என்று யாராவது பணம் கேட்டால், எந்த மருந்து, எந்தப் புற்றுக்கு அனுமதி பெற்றது என்று கேளுங்கள். இது ஆய்வு என்று பதில் வந்தால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஒப்புதல் படிவத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் தருவது அவர்கள் பொறுப்பு.